மனுவில் என் பெயர்

1

மொரீன் கதவைத் தட்டியபோது நான் குளியலறைச் சுவரில் படர்ந்திருந்த கருப்புப் பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் குளிர்காலம் முடிந்தால் இது ஒரு வேலை. எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி பூக்கும்.

அன்று மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. நானும் என் கணவர் குமரேசனும் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்து இருபது வருடம் முடிந்த நாள். நாமக்கல்லில் கோழித்தீவன ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார் அவர். இங்கேயும் ஒரு தீவன ஆலை அதே வேலைக்குக் கூப்பிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். மகள் யாழினி டப்ளினில் படிக்கிறாள். ஆகவே அந்த நாளை நினைவில் வைத்திருக்க வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் கேசரி கிளறலாம் என்று நினைத்தேன். ஒரு ஆளுக்குக் கேசரி எதற்கு என்று ரவையைத் திரும்ப வைத்துவிட்டுப் பூஞ்சையைத் தேய்க்கப் போனேன்.

மொரீன் பக்கத்து வீட்டுக்காரி. தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபது வயது. குமரேசன் இறந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டியும் தேநீரும் அவள்தான் கொடுத்தாள். செல்வி என்கிற என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. முதல் நாளிலிருந்து நான் அவளுக்கு 'சாலி'.

கையில் ஒரு அட்டையும் அதில் செருகிய தாள்களும் வைத்திருந்தாள்.

"சாலி, ஆற்றங்கரை ஓட்டல் விஷயம் கேள்விப்பட்டாயா? அகதிகளைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்களாம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

ஊருக்கு வெளியே நான்கு மைலில் மூடிக்கிடக்கும் பழைய ஓட்டல் அது. கேள்விப்பட்டிருந்தேன். வானொலியில் கொஞ்ச நாளாக வேறு பேச்சே இல்லை. வீட்டுத் தட்டுப்பாடு, வாடகை, சூடான் போர், ஐரோப்பிய நாடுகள் அகதிகளைத் தங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்கிற சண்டை. முன்பெல்லாம் வேறு வேறு செய்தியாகச் சொல்வார்கள். இப்போது எல்லாம் ஒரே செய்தியாகிவிட்டது.

"அந்த ஓட்டலையே சின்னச் சின்ன வீடுகளாக்கினால் நம்ம ஆட்களுக்கு ஆகும். நீயே ஒன்பது வருஷமாக வரிசையில் நிற்கிறாய். இப்போது இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். முதலில் நம்ம ஆட்கள், அப்புறம் மற்றவர்கள். அவ்வளவுதான் இதில் எழுதியிருக்கிறது."

பேனாவை நீட்டினாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "நீயும் நம்ம ஆள்தானே!" என்றாள்.

இருபது வருடத்தில் அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். செல்வி குமரேசன். எட்டாவது பெயர்.

2

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே வருமானம் குறைந்தவர்களுக்கு நகராட்சி குறைந்த வாடகையில் வீடு தரும். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குமரேசன் இருக்கும்போதே ஆலையில் ஆள் குறைத்தார்கள். அவருக்குப் பாதி நாள் வேலைதான் மிஞ்சியது. அப்போது பதிந்தோம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அந்தச் சம்பளத்தில் வெளிச்சந்தையில் வீடு பிடிக்க முடியாது.

பதியப் போன அன்று நடந்ததை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள், "லோக்கல் கனெக்‌ஷன் இருக்கிறதா?"

எனக்குத் தெரிந்த கனெக்‌ஷன் எல்லாம் கரண்ட் கனெக்‌ஷன், கேஸ் கனெக்‌ஷன், கேபிள் கனெக்‌ஷன்தான். "எல்லாம் இருக்கிறது. இன்டர்நெட்கூட போட்டிருக்கிறோம்" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். இந்த ஊரில் பிறந்தீர்களா, அப்பா அம்மா இங்கே இருக்கிறார்களா, கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா, அதைத்தான் கேட்கிறேன் என்றாள். குமரேசன் குனிந்து ஃபாரத்தைப் பார்த்தார். "மகள் இங்கே பிறந்தவள்" என்றார். அதை எழுதிக்கொண்டாள்.

வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். உங்களுக்கு இன்னும் வீடு தேவைப்படுகிறதா என்று கேட்பார்கள். பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒன்பது முறை 'ஆம்' என்று பதில் போட்டுவிட்டேன். இந்த ஜனவரியில் இன்னொரு கடிதம் வந்தது. அது வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து. வீட்டை விற்கப்போகிறாராம், ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். நல்ல மனிதர்தான். வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3

கையெழுத்துப் போட்ட அன்று முழுக்க என் தம்பி தங்கவேலின் நினைவாகவே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். வாழையும் வெற்றிலையும் வைத்திருக்கிற குடும்பம். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஊருக்கு வெளியே இலங்கை அகதிகளுக்கு முகாம் போட்டார்கள். தகரக் கூரை, பத்துக்குப் பத்து அறை. ரஜனி என்றொரு பெண் மன்னாரிலிருந்து படகில் வந்து, என் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரே மாதத்தில் எங்களிடம் 'ஏனுங்க, ஆமாங்க' என்று பேசப் பழகிவிட்டாள். அவள் அம்மா கூப்பிட்டால் மட்டும் வேறு தமிழில் பதில் சொல்வாள். பள்ளி முடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. நான் வெளிநாடு போனேன். அவளுக்கும் கல்யாணம் ஆனது, முகாமுக்குள்ளேயே, நான்கு வரிசை தள்ளி.

போன வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தம்பி வழக்கம்போல் போன் செய்தான்.

"அக்கா, ஒரு சமாச்சாரமுங்க. நம்மூருப் பொறம்போக்குல முகாம்காரங்களுக்குக் காங்கிரீட் ஊடு கட்டப் போறாங்களாம். ஊரே கையெழுத்துப் போட்டிருக்குது. திங்கக்கெழம கலெக்டராபீசுல மனுக் குடுக்கறோம்."

"எதுக்குடா மனு?"

"எதுக்கா? நம்ம சனமே ஊட்டுமனைப் பட்டாவுக்கு நடையா நடக்குது. அவங்களுக்கு மொதல்ல குடுத்துப்போட்டா நம்மளுக்கு எப்பங்க வரும்?"

எனக்குச் சுரீரென்றது. "முப்பத்தஞ்சு வருசமா தகரக் கொட்டாயில வேகறாங்க. ரஜனி எம்பட கூடப் படிச்சவ. அவளுக்கு ஊடு கூடாதுன்னு கையெழுத்து வாங்கறயே, நீயெல்லாம் மனுசனாடா?"

"நீங்க அங்க உக்காந்துக்கிட்டுப் பேசறது சுளுவுங்க்கா. போனை வெக்கிறனுங்க."

அதோடு ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றுவிட்டது. எட்டு மாதம். ஞாயிறு மதியம் என்றால் போனைக் கையோடு எடுத்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பேன். நானாகக் கூப்பிட ரோஷம். அவனிடம் பேசாத எட்டு மாதமும் நான் சரி, அவன் தப்பு என்கிற தைரியத்தில்தான் ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை அதுவும் போயிற்று.

4

இரண்டு வாரம் கழித்து ஊர்க்கூடத்தில் பொதுக்கூட்டம் போட்டார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மொரீன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இளம்பெண் எழுந்தாள். இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுச் சின்ன அறையில் மூன்று வருடமாக இருக்கிறாளாம். "என் மகனுக்குத் தவழ இடமில்லாமல் அவன் தவழாமலே நடக்கப் பழகிவிட்டான்" என்றாள்.

அடுத்து ஒரு ஆள் எழுந்தான். நாற்பது வயது இருக்கும். "வீடெல்லாம் யாருக்குப் போகிறது என்று சுற்றிப் பாருங்கள். அது போதும்" என்றான். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அவன் கண் வந்து நின்றது என் மேல்தான். அவன் கண்ணைத் தொடர்ந்து மற்றவர்களும் திரும்பினார்கள்.

மொரீன் சட்டென்று எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அவளை அப்படிப் பார்க்காதே. அவள் சாலி. இருபது வருஷமாக இங்கே இருக்கிறாள். என் அம்மாவைக் கடைசி நாள்வரைக்கும் குளிப்பாட்டி விட்டவள் இவள்தான். இவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்!"

கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலில் முன்வரிசை, அப்புறம் கூடம் முழுக்க. முறைத்த ஆளும் தட்டினான். யாரோ என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். புகைப்படம் எடுக்கும்போது சிரிப்போமே, அப்படி.

அந்தச் சிரிப்பை யாரோ போனில் வீடியோ எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். மறுநாள் மாலை யாழினி கூப்பிட்டாள். அவள் தமிழ் வீட்டுக்குள் மட்டும் வளர்ந்த தமிழ். டப்ளின் போனபிறகு அதுவும் மெலிந்துவிட்டது. அகதிகளை வரவேற்று அவளும் அவள் நண்பர்களும் பதாகை பிடித்து நிற்கிற படங்களை எனக்கு அனுப்புவாள். நான் ஒரு பூ போட்டு அனுப்புவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

"அம்மா, அந்த வீடியோல இருக்கறது நீதானா?"

"ஆமாம் சாமி."

"நீ கையெழுத்து எழுதினியா?"

"போட்டேன். வீடு போயிருமோன்னு…"

"நீ சிரிக்கிற அம்மா. அவங்க எல்லாம் தட்டுறாங்க, நீ சிரிக்கிற." அவள் குரல் உடைந்தது. "அப்பா இருந்தா போட்டிருப்பாரா?"

"தெரியல கண்ணு."

"எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் ஒற்றைச் சொல்தான் பதில். சரி. வேலை. அப்புறம்.

மறுநாள் காலையில் மொரீன் வீட்டுக்குப் போனேன். என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் "என் பெயரை எனக்குத் திருப்பிக் கொடு" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. "நேற்றே கொடுத்துவிட்டோமே சாலி. இனி ஒன்றும் செய்ய முடியாது. நான் உனக்கு நல்லது என்றுதான் நினைத்தேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கருத்து கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது, நன்றி. மனுவும் கோப்பில் இருக்கிறது. கடிதமும் கோப்பில் இருக்கிறது. இரண்டும் நான்தான்.

5

வைகாசியில் தம்பி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை இல்லை. நான் டிக்கெட் போட்டேன். யாழினிக்குப் பரீட்சை. சென்னையில் இறங்கி வெளிநாட்டவர் வரிசையில் நின்று, சேலம்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் சேர்ந்தேன்.

கல்யாண வீட்டில் தம்பி என்னிடம் குறை வைக்கவில்லை. "வாங்கக்கா, சாப்ட்டீங்களா, தூங்குங்க" என்றான். வந்தவர்களிடம் "எங்கக்கா, அயர்லாந்துலருந்து வந்துருக்கறாங்க" என்று சொல்லி அறிமுகம் செய்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டினார்கள். ஆட்கள் தாரைச் சுமந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மொரீன் வந்தது, மனு, எட்டாவது பெயர், கைதட்டல், யாழினி பேசாமல் இருப்பது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். 'அன்னைக்கு என்னைச் சொன்னீங்களே' என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன்.

"பயந்துட்டீங்களாக்கா?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும் பயந்துதானுங்க போட்டேன்" என்றான். "பட்டா அவங்களுக்குப் போயிட்டா நம்மளுக்கு இல்லாமப் போயிருமேன்னு. அப்பறம் பாத்தா அவங்களுக்கும் பட்டாக் கெடையாது, ஊடு மட்டுந்தான். நம்ம மனு என்ன ஆச்சுன்னே தெரியல. ஊடு கட்டிட்டாங்க, அவங்க குடிவந்துட்டாங்க."

ஒரு ஆள் தாரைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினான் தம்பி.

"கல்யாணத்துக்கு நம்மூட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? ரஜனியக்கா ஊட்டுக்காரரு. வேற ஆளு கெடைக்கலீங்க. கூப்ட்டேன், வந்தாரு. ஆறு நாளு வேலை. மதியம் நம்ம சமையக்கட்டுலதான் சாப்பாடு. நான் கையெழுத்து வாங்கித் திரிஞ்சது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேக்கலையே! நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலீங்க்கா. நானாச் சொல்லலாம்னு ஒவ்வொரு நாளும் நெனைச்சேன். வாய் வரல."

வண்டிக்காரர் கூப்பிட்டார். தம்பி போய்விட்டான். அன்று மாலை காப்பி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பத்து மாதச் சண்டை அதோடு தீர்ந்தது. எனக்குத்தான் எதுவும் தீரவில்லை.

6

அயர்லாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ரஜனியைப் பார்க்கப் போனேன். புது வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரே அளவு, ஒரே நிறம், கதவுக்கு மேலே எண். புறம்போக்கில் இருந்த வேலிக்காத்தான் முள்ளெல்லாம் போய்த் தெரு வந்திருந்தது. ரஜனி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது.

"ஏனுங்க, ஆருன்னு தெரியலீங்களே" என்றாள். தெரிந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "செல்வி! வா புள்ள, உள்ள வா. இரு, தேத்தண்ணி போடுறன்."

இரண்டு தமிழும் இப்போது அவளுக்கு ஒன்றாகக் கலந்துவிட்டன.

வீட்டைச் சுற்றிக் காட்டினாள். ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை, கழிப்பறை. கழிப்பறைக் கதவைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்து காட்டினாள். "முப்பத்தஞ்சு வருசம் ராத்திரியில டார்ச்சும் கையுமா போய்வந்தம்" என்றாள். மூத்த மகன் இன்ஜினியரிங் முடித்தவன். அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போகிறான். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், இல்லை. "வீடு நல்லா இருக்கு. பேப்பர் எதுவும் கையில தரேல்ல. நீ இருவது வருசத்துல அந்த நாட்டுக்காரி ஆயிட்டாய் என்ன?"

தலையாட்டினேன்.

தம்பி பேச்சை நானே எடுத்தேன். மனுக் கொடுத்தது தனக்கு முன்பே தெரியும் என்றாள்.

"யார் யார் போட்டாங்கன்னு எங்க பொடியன் ஒருத்தன் லிஸ்ட்டைப் படம் எடுத்து வந்துட்டான். எல்லாரும் வாசிச்சம். அதை வாசிச்சிருக்கக் கூடாது செல்வி. நாங்க தினம் பால் வாங்குற கடைக்காரர் பேர் இருந்திச்சு. என் மகளுக்கு ஊசி போட்ட நர்ஸம்மா பேர் இருந்திச்சு. தெரியாம இருந்தா அவங்களைப் பாத்து முந்திமாதிரிச் சிரிச்சிருப்பன். இப்ப ஒவ்வொருத்தரும் சிரிக்கேக்க லிஸ்ட்டுத்தான் ஞாபகம் வருது."

தேநீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள், "அங்க உங்க ஊருக்கு எங்களை மாதிரி ஆக்கள் வந்தா எப்பிடி நடத்துறாங்க?"

"பரவால்ல, நல்லாத்தான்" என்றேன்.

என் கூடப் படித்தவளிடம், அவள் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். அவள் மறுபடி லிஸ்ட்டை வாசிக்க வேண்டாம் என்று நினைத்ததால் சொன்னேனா, பயந்து சொன்னேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

7

ஆகஸ்ட் மாதம் வீட்டைக் காலி செய்தேன். பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு ஊரில், உருளைக்கிழங்கு வறுக்கிற கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. அது வேறு மாவட்டம். மாவட்டம் மாறினால் வரிசையில் பெயர் இருக்காது. ஒன்பது வருடம் அதோடு போயிற்று. புது ஊரில் முதலிலிருந்து பதிய வேண்டும்.

யாழினி டப்ளினிலிருந்து வந்து பெட்டி கட்டினாள். அதிகம் பேசவில்லை. அப்பாவின் படத்தை மட்டும் பெட்டியில் போட விடாமல், தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மொரீன்தான் காரில் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினாள். கிளம்பும்போது படியிலேயே நின்றாள்.

"உனக்கு வீடு கிடைக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன் சாலி."

"தெரியும் மொரீன்."

அவள் அழுதாள். அவளுக்கு இப்போது பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. ஓட்டல் கதையும் மனுவால் மாறவில்லை. அதே மாதம் அகதிகள் வந்துவிட்டார்கள். அம்மா வீட்டுச் சின்ன அறையில் இருந்த அந்த இளம்பெண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாளாம்.

யாழினி அன்று மாலையே கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். "போன் பண்றேன்" என்றாள். சில வாரம் பண்ணுகிறாள், சில வாரம் மறந்துவிடுகிறாள்.

8

முதியோர் இல்லத்து வேலைக்கு இப்போது பஸ்ஸில் போகிறேன். காலை ஏழு மணி பஸ். அது ஆற்றங்கரை ஓட்டல் வழியாகத்தான் போகும்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். தலையில் முக்காடு, தோளில் பெரிய பை, என் வயது இருக்கும். பஸ் முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். பெயர் அமல். சூடான்காரி. கார்ட்டூமில் மருந்துக்கடை வைத்திருந்தவள். வேறு ஊர் விடுதியில் எட்டு மாதம் இருந்துவிட்டு இங்கே மாற்றப்பட்டிருக்கிறாள். இப்போது துணி வெளுக்கும் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் ஒருவழியாக ஒத்துப்போயின. போனில் தன் வீட்டுப் படத்தைக் காட்டினாள். முற்றத்தில் ஒரு மாமரம். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றாள். பேரீச்சம்பழத்தை ஒரு தாளில் மடித்து எனக்கென்று கொண்டுவர ஆரம்பித்தாள்.

அந்தப் பழத்தைத் தின்ன முடியவில்லை. வாய் வராமல் ஆறு நாள் தவித்த தம்பி நினைவுக்கு வந்தான். வாசித்திருக்கக் கூடாது என்ற ரஜனி நினைவுக்கு வந்தாள். யார் சொல்வது சரி? இரண்டு வாரம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் அமல், "இந்த ஊரில் உன்னைப்போல் ஒருத்தி இருப்பதால்தான் எனக்குப் பயமில்லை" என்றாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்கள் வருவதற்கு முன்னால் உங்களை வர விடக்கூடாது என்று ஒரு மனு எழுதினார்கள். அதில் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். காற்றில் கையெழுத்துப் போடுவதுபோல் விரலால் காட்டினேன். புரிந்தது. அவள் என் விரலைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் ஏறியவள் என்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. செய்தது நான். அவள் உட்காராததில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்தைத் தவிர நாள் முழுக்க எனக்கென்று பேச வேறு ஆள் இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை மழை கொட்டியது. அமல் நனைந்துகொண்டே ஏறினாள். நடைபாதையில் வந்தவள் என் அருகே நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈரத் துணி உரச, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்றைக்கு பஸ்ஸில் இடமே இல்லை" என்றாள், நேராக முன்னால் பார்த்தபடி.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களையும், பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரையும் தவிர பஸ்ஸில் யாருமே இல்லை.